விருந்தாளிக்குக் களி போடாத ஊர்

"பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டாயா?" என்று என் கணவர் கேட்டார். சத்தியவேட்டுப் பக்கம் போவதற்குத்தான் இந்தக் கிண்டல். நேற்றுவரை எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவாக இருந்த இடம். ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் யாருக்கு என்று வருஷக்கணக்கில் பேசி, கடைசியில் எல்லை பிரித்ததில் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் மாதர் சங்கம் மதிய உணவு நடத்திவந்த பள்ளிக்கூடம் ஒன்றும் கூடவே போய்விட்டது.

சங்கத்தில் அப்போது அரிசிக் கட்சி, கேழ்வரகுக் கட்சி என்று இரண்டு இருந்தன. அரிசிக் கட்சிக்கு ஒரு ரைஸ் மில் முதலாளியின் மனைவி தலைவி. கேழ்வரகுக் கட்சிக்கு நான் தலைவி, தொண்டரும் நான்தான். காலேஜில் பெண்களுக்குச் சமையலும் உணவுச் சத்தும் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உதட்டோரம் வெடித்துப் புண்ணாகிறது, மில்லில் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியைப் போட்டால் வேறு என்ன ஆகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். காதுவலி தாங்காமல் காரியதரிசி ஒரு வழி சொன்னார். "நீயே போய் வா. ஊர் சம்மதித்தால் கேழ்வரகு. சம்மதிக்காவிட்டால் இனி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது."

முதல் நாள் சித்தூர். இனிமேல் பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்கு ஜில்லாத் தலைநகரம் அதுதான், அதிகாரியைப் பார்க்காமல் எதுவும் நடக்காது. மதியம் ஆபீஸ் மறுபடி திறப்பதற்குள் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். பட்டணத்தில் சாம்பார் ஊற்றுகிற இடத்தில் இங்கே பருப்புப் பொடியைக் கொட்டினார்கள். புளிச்சக்கீரைத் துவையலை ஆசையாக எடுத்து வாயில் வைத்தேன். காதிலிருந்து புகை வராத குறை. பரிமாறியவர் பதறிப்போய் நெய்யை ஊற்றிக்கொண்டே, "மதராஸா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். கண்ணில் நீரோடு தலையை ஆட்டினேன். "பழகிவிடும்" என்று இன்னொரு உருண்டை துவையலை வைத்துவிட்டுப் போனார். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். நான் கேழ்வரகு என்று ஆரம்பித்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, இந்த ஊர்கள் எங்களோடு இப்போதுதான் சேர்ந்திருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் இருந்தவரை பிள்ளைகளுக்கு அரிசிச் சோறு. ஆந்திராவில் சேர்ந்த முதல் வருஷமே தட்டில் களி விழுந்தால் என்ன ஆகும்? 'பார்த்தீர்களா, நம்மை எங்கே கொண்டுபோய்த் தள்ளினார்கள்' என்று மறுநாளே மேடை போட்டுவிடுவார்கள். என் தலைதான் உருளும்."

நான் இதை யோசித்ததே இல்லை. சத்து என்பது உடம்புக்குள் நடக்கிற விஷயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எல்லைத் தகராறுக்குள்ளும் நடக்கிறது என்று சித்தூரில் தெரிந்துகொண்டேன்.

"தவிர, அவர்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள்" என்றார்.

"யார் சொன்னது?"

"நானே வீடு வீடாகப் போய் விசாரித்தேன். போன வீட்டிலெல்லாம் எனக்குச் சோறுதான் போட்டார்கள்." சொல்லும்போதே வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஆனால் ஒன்று. ஊரே சேர்ந்து கேழ்வரகு வேண்டும் என்று கேட்டால் எனக்கென்ன? சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்."

ஆக, பட்டணத்தில் சங்கமும் ஊர் கேட்கட்டும் என்கிறது, சித்தூரில் சர்க்காரும் ஊர் கேட்கட்டும் என்கிறது. நான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

நாகலாபுரம் தாண்டியதும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. எல்லோரும் பழக்கப்பட்டவர்கள் மாதிரி இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்தில் கிணறு இல்லை. கண்டக்டர் என் கூஜாவைப் பார்த்தார், நான் கண்டக்டரைப் பார்த்தேன். பட்டணத்திலிருந்து காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுவந்த தண்ணீரைப் பஸ் ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

எனக்குப் பின்னால் இரண்டு பேர் தெலுங்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "என் நிலம் மதராஸில், கிணறு ஆந்திராவில். இனி தண்ணீர் பாய்ச்ச யாரிடம் மனு கொடுப்பது?" என்றார் ஒருவர். "கத்தரிச் செடியையே கேள், அது எந்தப் பக்கம் என்று சொல்லும்" என்றார் மற்றவர். அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் ஒரு கை அள்ளி என் மடியில் போட்டார். தண்ணீரை இழந்த துக்கத்துக்கு ஆறுதல் போலிருக்கிறது. பட்டணத்துப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கால் நகர்த்தினாலே பெரிய காரியம். அந்தக் கடலைக்கு எந்த மாநிலம் என்று நானும் கேட்கவில்லை.

ஊரில் எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் பஞ்சாயத்து பிரசிடெண்ட் முனிரத்தினம். நிலபுலன் உள்ள தமிழ்க் குடும்பம். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு. அவர் மனைவி லட்சுமம்மா நான் வாசலில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து சமைத்துக்கொண்டே இருந்தார். மல்லிகைப்பூ மாதிரி சோறு, நெய், பருப்பு, அப்பளம், கத்தரிக்காய்க் குழம்பு.

"தினமும் இந்த மாதிரித்தான் சாப்பாடா?" என்று கேட்டேன்.

"நெல்லுச்சோறுதாம்மா. வேற இன்னாத்த துன்னப்போறோம்?" என்றார் முனிரத்தினம்.

மறுநாள் ஊரைச் சுற்றினேன். ஏறி இறங்கிய வீட்டிலெல்லாம் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது சித்தூர் அதிகாரி ஏன் வயிற்றைத் தடவினார் என்று புரிந்தது. வரப்பில் நடந்தால் இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கதிர் தலை சாய்த்து நிற்கிறது. "இதெல்லாம் யாருக்கு?" என்று முனிரத்தினத்தைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டுக்கும்மா" என்றார். அந்த ஊர் மாடுகள் கொடுத்துவைத்தவை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மதியம் பள்ளிக்கூடம். மரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று சோறு, அதன்மேல் தண்ணீராக ரசம். சிரிக்கிற பிள்ளைகள் பாதியில் உதட்டைப் பிடித்துக்கொண்டார்கள், வெடித்த இடத்தில் புளி எரிகிறது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. வரிசையில் முனிரத்தினத்தின் வீட்டுப் பிள்ளை யாராவது உண்டா என்று வாத்தியாரைக் கேட்டேன். "நிலம் இருக்கிறவங்க புள்ளைங்க ஊட்டுக்குப் போயி சாப்ட்டு வந்துருவாங்கம்மா. இங்க சாப்பிடறது எல்லாம் கிழக்கால தெரு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிழக்குத் தெரு என்பது கூலிக்குப் போகிறவர்கள் குடியிருப்பு.

வரிசைக் கடைசியில் செல்லம்மா என்ற சிறுமிக்கு உதடு ரொம்ப மோசம். சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். அவள் அம்மா கன்னியம்மா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பாயில் உட்காரவைத்துவிட்டு வேலிப் பக்கமாக எங்கோ போனாள். திரும்பும்போது முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். சற்று நேரத்தில் என் முன்னால் சோறு வந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய அரிசி. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, உதட்டுப் புண், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கேவுரு நல்லதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? அத்த துன்னுதான் இந்த ஒடம்பு நிக்குது. ஆனா ஊட்லயும் ராத்திரி ஒரு வாயி களி, பள்ளிக்கூடத்துலயும் களின்னா எம்பொண்ணு இன்னாத்துக்கு அங்க போவணும்? சோறு போடறாங்கன்னுதான் ஆடு மேய்க்கிறத உட்டுட்டு அனுப்பிக்கினு கீறேன்."

"சோறு போட்டால் புண் ஆறாதே" என்றேன்.

"பெரிய ஊட்டுப் புள்ளைங்க அங்க துன்றதில்ல. எங்க புள்ளைங்கதான் துன்னுது. இப்ப அதுக்கும் களின்னு மாத்தறீங்க. கூலிக்காரன் புள்ளைக்கு இது போதும்னு உங்க சங்கத்துல பேசிட்டீங்களா?"

சங்கத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன், இவள் என்னை மடக்கிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் கன்னியம்மா. "பிரசிடெண்ட்டு அங்க வரட்டும். எல்லார் கண்ணெதிர்லயும் அதே குண்டான்ல இருந்து போட்டுக்கினு துன்னட்டும். அப்ப நான் ஒத்துக்கறேன், எங்க தெருவே ஒத்துக்கும். இல்லன்னா, களி போடற அன்னிக்கே செல்லம்மா ஆட்டுக்குப் போயிடும்."

கட்டுக்கட்டாகப் புத்தகம் படித்த எனக்குக் கடைசியில் பிரச்சினை இவ்வளவுதான் என்று ஆனது. முனிரத்தினம் களி தின்ன வேண்டும். அவரோ களியை மாட்டுத் தீவனம் என்கிறார்.

அடுத்த நாள் அவரும் லட்சுமம்மாவும் ஏதோ வேண்டுதலுக்காகத் திருப்பதி போவதாக இருந்தது. "பெருமாளக் கும்பிடாம பட்டணம் போவீங்களா?" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மலைமேல் கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் முடித்து, லட்டும் கையுமாகக் கீழே இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் லட்சுமம்மா கூடையைத் திறந்தார். எனக்கு இலை போட்டுப் புளியோதரை வைத்தார். "நீங்க துன்னுங்கம்மா, நாங்க அந்தாண்ட காத்தாட குந்தறோம்" என்று சொல்லி, புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

காற்று என் பக்கமும் நன்றாகத்தான் அடித்தது. சந்தேகம் வந்தது. தண்ணீர் கேட்கிற சாக்கில் எழுந்து போனேன். அவர்கள் இலையில் கருகருவென்று இரண்டு உருண்டை, பக்கத்தில் வேர்க்கடலைத் துவையல். முனிரத்தினம் என்னைக் கண்டதும் இலையை மடித்து மூடப் பார்த்தார்.

"மாட்டுக்குங்களா?" என்று கேட்டேன்.

லட்சுமம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. முனிரத்தினத்துக்கு மீசை வரைக்கும் வெட்கம். நான் அங்கேயே உட்கார்ந்து ஓர் உருண்டையில் பாதியைப் பிட்டுக்கொண்டேன். என் பாட்டுக்கு மென்றேன். மென்றேன், மென்றேன், வாயெல்லாம் அப்பிக்கொண்டு பேச முடியவில்லை. இத்தனை வருஷம் கேழ்வரகின் புகழ் பாடியவளுக்கு அதைத் தின்னத் தெரியவில்லை.

"மெல்லக்கூடாதும்மா. தொவையல்ல தோச்சி அப்டியே முழுங்கணும்" என்று லட்சுமம்மா செய்து காட்டினார். நானும் விழுங்கினேன். அப்படி ஒரு ருசி. பல்லுக்கு வேலை இல்லாமல் நேரே வயிற்றுக்கே பேசுகிற சாப்பாடு.

"இவ்வளவு நன்றாக இருக்கிறது, ஏன் எனக்குப் போடவில்லை?"

"விருந்தாளிக்குப் போயி யாராச்சும் களி போடுவாங்களா? கலெக்டராபீசு ஐயா வந்தப்பக்கூட சோறுதான் போட்டோம். அவரு போனப்பறம்தான் நாங்க களி கிண்டிக்கினோம்" என்றார் முனிரத்தினம், பெருமையாகவே.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரே கூடி ஒரு நல்ல மனுஷரை உபசரித்திருக்கிறது. அவர் அந்த உபசாரத்தை அப்படியே சர்க்காருக்கு எழுதிவிட்டார். அதற்குள் பிள்ளைகளுக்கு உதடு வெடித்துக்கொண்டிருக்கிறது. வயிறு நிறைந்த தைரியத்தில் கன்னியம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"வேற இன்னா வேணா கேளுங்கம்மா. நாலு பேர் எதிர்ல பிரசிடெண்ட்டு களி துன்னா, நாளைக்கு எங்க ஊட்ல பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

"தெனம் காத்தால துன்னசொல்ல பொண்ணு கீற நெனப்பு இல்லியா?" என்றார் லட்சுமம்மா.

முனிரத்தினம் இலையை வழித்துக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார். "கன்னியம்மாதான் சொன்னாளா? அங்கயே குந்தித் துன்னணும்னா?"

"ஆமாம். அதே குண்டானிலிருந்து."

"பாக்கலாம்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மீசையை முறுக்கிக்கொண்டே வந்தார். அவருக்குக் கஷ்டமாக இருப்பது களியா, கிழக்குத் தெருப் பிள்ளைகளோடு உட்காருகிற வரிசையா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. நல்லவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதனாலேயே பயமாக இருந்தது.

கடைசி நாள் பள்ளிக்கூடத்தில் களி கிண்டிப் பார்ப்பது என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். லட்சுமம்மா விடியும்போதே அங்கே போய்விட்டார், சமையல்காரிக்கு இத்தனை பேருக்குக் களி கிண்டிப் பழக்கமில்லை என்று. நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினார். கிழக்குத் தெருவில் கிண்டுகிற களியில் அரிசி சேராது. அரிசி சேர்ந்த இந்தப் பெரிய வீட்டுக் களி பளபளவென்று இருந்தது. கீரைக் குழம்பும் கொதித்தது.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மரத்துக்கு அப்பால் கிழக்குத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். கன்னியம்மா செல்லம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை வரிசைக்கு விடவில்லை.

முனிரத்தினம் வந்தார். வாத்தியார் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் நாற்காலியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு தரையில், வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். கடைசிப் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நன்றாக ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. லட்சுமம்மா அதே குண்டானிலிருந்து எடுத்து அவர் இலையில் உருண்டையை வைத்தார். அவர் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். இரண்டாவது வாய். மூன்றாவது வாய். "கொழம்பு ஊத்து" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சங்கத்தில் ரைஸ் மில் அம்மாளின் முகம் எப்படிப் போகும் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

கன்னியம்மா இன்னும் கையை விடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இலையை இல்லை; அந்த இடைவெளியை. குனிந்து மகளிடம் பேசினாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான்.

"போ. போயி அவரு பக்கத்துல குந்து."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். செல்லம்மா அம்மாவைப் பார்த்தாள், போனாள். இடைவெளியில் போய் நின்றாள். உட்காரத் தைரியம் இல்லை. முனிரத்தினத்தின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. லட்சுமம்மா துடுப்பைப் பிடித்தபடி புருஷனையே பார்த்தார். எனக்கு ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவர் நகர்ந்தார். விலகிப் போகிறார் என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவர் தன் இலையைத் தன் பக்கம் இழுத்துவைத்து, அவள் இலைக்கு இடம் செய்திருந்தார்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீற? குந்து" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே. பிறகு மனைவியிடம், "இதுக்கும் போடு. சூடா இருக்கசொல்லவே துன்னணும்" என்றார்.

செல்லம்மா உட்கார்ந்தாள். அவள் முதல் வாய் விழுங்குகிறவரை கன்னியம்மா நின்று பார்த்தாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.